தறிக்கு வந்த வெள்ளைத் துண்டு

1870களின் இறுதியில், ஆஸ்திரிய மருத்துவர் எட்வர்ட் ஆல்பர்ட் ஒரு சிறுமியின் துவண்ட கணுக்கால்களை எலும்போடு எலும்பாக ஒட்டவைத்தார். அவளுக்குக் கால் ஊன்றத் தெம்பு வந்தது. தேய்ந்து வலிக்கும் கணுக்காலுக்கும் பிறகு அதுவே வைத்தியமாயிற்று. வலி போகும், அசைவும் கூடவே போகும். அசைவைக் காப்பாற்ற வழியே இல்லையா?

இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1951இல் அந்த ஒட்டுமுறைக்கு மெருகேற்றிவிட்டு, இடுப்பு மூட்டின் பக்கம் திரும்பினார். டெஃப்ளான் கிண்ணம் வைத்துச் செயற்கை மூட்டு செய்தார். சுமார் 300 பேர் வலியில்லாமல் நடந்தார்கள். சில ஆண்டுகளில் டெஃப்ளான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. பொருத்தியதைத் தாமே கழற்ற வேண்டிய நிலை சார்ன்லிக்கு.

1962இல் ஒரு விற்பனையாளர், லங்காஷயர் தறிகளின் பல்சக்கரத்துக்கான வெள்ளைப் பிளாஸ்டிக்கோடு அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். சார்ன்லி நகத்தால் அழுத்திப் பார்த்தார்; பள்ளம் விழுந்தது. தேறாது என்று ஒதுக்கிவிட்டார். உதவியாளர் ஹாரி கிரேவனுக்கு மனம் கேட்கவில்லை.

சார்ன்லி கோபன்ஹேகன் போயிருந்தபோது, கிரேவன் அதைத் தேய்மான இயந்திரத்தில் மாட்டிவிட்டார். டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட, அது மூன்று வாரத்தில் தேயவில்லை! பாலிஎத்திலீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கால் இடுப்பு மூட்டு பிழைத்தது. கணுக்கால்?

1970இல் பிரான்சில் லார்ட், மரோட் என்ற மருத்துவர்கள் இடுப்புக்கான உலோகத் தண்டைத் தலைகீழாக்கிக் கணுக்காலில் பொருத்தினார்கள். பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, 25 கணுக்கால்களில் 12 தோல்வி. இடுப்பு பந்தும் கிண்ணமும். கணுக்காலின் அமைப்பே வேறு. சிறிய பரப்பில், ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போலப் பலமடங்கைத் தாங்குகிறது. அடுத்து வந்த வடிவங்களும் ஆட்டம் கண்டன. மருத்துவர்கள் ஒட்டுமுறைக்கே திரும்பினார்கள், ஒருசிலரைத் தவிர.

டென்மார்க்கின் ஹோகன் கோஃபோட் அவர்களில் ஒருவர். அவர் வடிவமைத்த மூட்டில் மேலே உலோகத் தட்டு, கீழே உலோகத் தொப்பி, நடுவே எதிலும் ஒட்டாமல் வழுக்கி நகரும் பாலிஎத்திலீன் துண்டு. தறிக்கென்று வந்த சரக்கு கணுக்காலுக்குள் இடம்பிடித்தது. அவருடைய 'ஸ்டார்' மூட்டுக்கு 2009இல் அமெரிக்காவும் அனுமதி தந்தது.

முழங்கால் பெரும்பாலும் வயதால் தேயும். கணுக்காலோ பழைய அடியால் தேயும். புதுக்கோட்டை மாவட்டத்து வரப்பிலோ ஜல்லிக்கட்டுத் திடலிலோ முறிந்த கணுக்கால், ஆண்டுகள் கழித்து வீங்கி வலிக்கலாம். மாத்திரை, பட்டை, ஊசிக்கு அடங்காவிட்டால் இரண்டு வழிகள். மண்வெட்டி பிடித்துக் கடுமையாக உழைக்கும் இளையவருக்குப் பெரும்பாலும் ஒட்டுமுறை. ஓடியாடும் வேலை குறைந்த முதியவருக்குச் செயற்கை மூட்டு. ஆல்பர்ட் கொடுத்தது ஒரே வழி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் வசதியைக் கொடுத்தவை, அத்தனை தோல்விகளும் கிரேவனின் பிடிவாதமும்தான்.