மிதிவண்டிக்கு வழிவிட்ட ஊர்கள்

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வில் மிதிவண்டிக்குத் தனியிடம் உண்டு. ஜொகூர் மாநிலத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே இரயில் பாதையோரம் அமைந்த பெக்கோக் போன்ற சிற்றூர்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, பால்மரம் வெட்டச் செல்வோருக்கு உற்ற துணையாயிருந்தது அது. மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, அத்துணை சாலையின் ஓரத்திற்கு ஒதுங்கியது. ஒதுங்கியது மீண்டும் உரிமை பெறுமா என்னும் வினாவிற்கு அயல்நாட்டு வரலாறு ஒன்று விடை தருகிறது.

இன்று மிதிவண்டிக்குப் பேர்போன நெதர்லாந்தும் ஒருகாலத்தில் மோட்டார் வண்டிக்கே சாலையை ஒப்படைத்திருந்தது. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் மாண்டோர் ஏறத்தாழ 3,300 பேர். அவருள் 400க்கும் மேற்பட்டோர் சிறுவர். வெகுண்டெழுந்த பெற்றோர், 'குழந்தைக் கொலையை நிறுத்துக' என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அவர்தம் குரலுக்கு வலுவூட்டியது. 1975இல் மிதிவண்டியாளர் சங்கம் பிறந்தது. அதன் உறுப்பினர் ஆபத்தான இடங்களைக் கணக்கெடுத்து வெளியிட்டனர். இரவோடிரவாகச் சாலைகளில் தாமே மிதிவண்டித் தடம் வரைந்தனர். அரசு செவிசாய்த்தது. முதலில் தி ஹேக், தில்பர்க் நகரங்களில் முன்மாதிரிப் பாதைகள் அமைந்தன. 1980களில் டெல்ஃப்ட் நகர் முழுவதும் பாதைகள் இணைக்கப்பட்டன.

சாலை மட்டுமே தடையன்று, வழக்கமும் தடையாவதுண்டு. அத்தடையை உடைத்தது தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம், எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. மாவட்ட ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்முயற்சிக்கு ஊக்கமளித்தார். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி பிறந்தது. ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாது தொண்டர்கள் சிற்றூர்தோறும் பயிற்சி அளித்தனர். வயற்கூலிகளும் கல்லுடைக்கும் பெண்களும் உட்பட, ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மிதிவண்டி பழகினர். பெண்களுக்கான வண்டி கிட்டாதபோது ஆண்களின் வண்டியையே ஓட்டினர். அதன் முன்கம்பி குழந்தைக்கு இருக்கையாயிற்று. தண்ணீர் சுமக்கவும் சந்தைக்குச் செல்லவும் பேருந்தையோ ஆடவரையோ எதிர்பார்த்திருந்த நிலை மாறியது.

ஓரிடத்தில் சாலை மாறியது; மற்றோரிடத்தில் மனம் மாறியது. இரண்டும் வெறும் ஆணையால் விளைந்தவையல்ல. உள்ளூர் மக்களின் ஓயாத உழைப்பால் விளைந்தவை. பெக்கோக் போன்ற ஊர்களில் பள்ளிக்குச் செல்லும் சிறுவனுக்குச் சாலையில் அச்சமற்ற இடம் வேண்டுமாயின், அதனைக் கேட்கத் தொடங்குவோரும், கேட்பதைக் கைவிடாதோரும் அவ்வூரிலேயே தோன்றுதல் வேண்டும்.