துல்லிய ஒளியியல் பரப்புகளை லேசர் தூய்மைப்படுத்துவது எப்படி?

வெப்பப்படக் கேமராக்களின் ஜெர்மானியம் வில்லைகள், லேசர் கருவிகளின் செம்பு, அலுமினிய ஆடிகள் ஆகியவை வைரமுனைக் கருவியால் கடைந்து உருவாக்கப்படுகின்றன. அவற்றின் பரப்பில் எஞ்சும் மேடுபள்ளம் சில நானோமீட்டர் மட்டுமே. அதில் படியும் தூசு ஒளியைச் சிதறடிக்கிறது. உயர்திறன் லேசர் கருவிகளில் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, ஆடியையே சேதப்படுத்தக்கூடும்.

துணியால் துடைத்தால் மென்மையான உலோகத்தில் கீறல் விழலாம். காற்றை ஊதினால் பெரிய துகள்கள் அகலும். ஒரு மைக்ரானுக்கும் சிறியவை எளிதில் அகலுவதில்லை. துகளின் விட்டம் பாதியானால் அதன் எடை எட்டில் ஒரு பங்காகிறது. பரப்புடன் அதைப் பிணைக்கும் ஒட்டுவிசையோ பாதியாக மட்டுமே குறைகிறது. எனவே, துகள் சிறுக்கச் சிறுக்க அதை அகற்றுவது கடினமாகிறது.

இதற்குத் தீர்வாக, 1990களின் தொடக்கத்தில் சிப் தயாரிப்புத் துறைக்காக 248 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா லேசர் சோதிக்கப்பட்டது. தற்போது மூன்று முறைகள் அறியப்பட்டுள்ளன.

உலர் முறை: சில நானோவிநாடிகளே நீடிக்கும் லேசர் துடிப்பு பட்டவுடன் பரப்பு திடீரென விரிவடைந்து, துகளை உதறித் தள்ளுகிறது.

நீராவி முறை: பரப்பில் மெல்லிய நீர் அல்லது ஆல்கஹால் படலம் படியவைக்கப்படுகிறது. லேசர் பட்டதும் அது வெடித்து ஆவியாகித் துகளையும் கொண்டு செல்கிறது. இதற்குக் குறைந்த ஆற்றலே போதும்.

அதிர்வலை முறை: பரப்புக்குச் சில மில்லிமீட்டர் மேலே காற்றில் லேசர் குவிக்கப்படுகிறது. அங்கு எழும் அதிர்வலை துகளைப் பெயர்க்கிறது. லேசர்க் கற்றை பரப்பின் மீது நேரடியாகப் படுவதில்லை.

முதல் இரு முறைகளிலும் ஆற்றல் குறைந்தால் தூசு போகாது. மிகுந்தால் பரப்பு உருகிவிடும். இந்த இடைவெளி குறுகியது. மேலும், ஒளி ஊடுருவும் சிலிக்கா போன்ற உருண்டைத் துகள்கள் தாமே சிறு வில்லைகளாகச் செயல்பட்டு, ஒளியைத் தமக்குக் கீழே குவிக்கின்றன. தூசு நீங்கினாலும் அவ்விடத்தில் நுண்குழி எஞ்சலாம். சிலிக்கான் தகடுகளில் நடைபெற்ற ஆய்வுகளில் இது கண்டறியப்பட்டுள்ளது.

ஆகவே, கடைசலின்போது படிந்த எண்ணெயை முதலில் கரைப்பானால் நீக்கி, அதே உலோகத்தாலான மாதிரித் துண்டில் லேசரின் ஆற்றலைச் சோதித்தறிவது அவசியமாகும். பெயர்ந்த துகள்கள் மீண்டும் படியாதிருக்க வாயு ஓட்டமோ உறிஞ்சு கருவியோ தேவை. தூசு அகன்றதை மட்டுமன்றி, பரப்பின் வழவழப்பு குறையவில்லை என்பதையும் அளந்து உறுதிசெய்த பின்னரே தூய்மைப்பணி முழுமை பெறுகிறது.