ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு: மலாயாத் தோட்டத் தொழிலாளரின் பயிர்நிலமும் பயிர்த் தெரிவுரிமையும் (1923–1960)

ஆய்வுச் சுருக்கம்

மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் குடும்பத்துடன் வாழ்ந்த தொழிலாளருக்குச் சிறு பயிர்நிலம் ஒதுக்கப்பட வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு விதித்தது. அந்நிலத்தில் எதை வளர்க்கலாம், எதை வளர்க்கலாகாது என்பதை யார் முடிவு செய்தனர் என்ற வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பயிர் பற்றிய கட்டுப்பாடு கூலி, குடியிருப்பு, நிலவுரிமை ஆகிய மூன்றோடும் பிணைந்திருந்தது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மலாயா, தோட்டத் தொழிலாளர், பயிர்நிலம், ரப்பர், நிலவுரிமை

முன்னுரை

இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை உள்ளடக்கியிருந்த அன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டம், மலாயாவுக்குப் பெருமளவில் தொழிலாளரை அனுப்பிய மாவட்டங்களுள் ஒன்று. வேப்பந்தட்டை போன்ற மானாவாரி ஊர்களின் உழவுமுறையில் பயிரும் கால்நடையும் ஒன்றையொன்று சார்ந்தவை. அத்தகைய வேளாண் பின்னணியிலிருந்து கங்காணி வழியாகச் சென்றோர், ஒற்றைப் பயிரை மட்டுமே அறிந்த தோட்ட அமைப்புக்குள் நுழைந்தனர். புலம்பெயர்வு பற்றிய ஆய்வுகள் கூலி, கடன், கங்காணி முறை ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. லயத்தை ஒட்டிய சிறுநிலம் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

சட்டத்தின் அளவுகோல்

சார்ந்து வாழ்வோரை உடைய ஒவ்வொரு தொழிலாளருக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு வீதம் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் ஏற்ற நிலத்தை முதலாளி ஒதுக்க வேண்டும் என்பது விதி. தமிழக அளவையில் இது 6.25 சென்ட். இங்கிலாந்தில் வழக்கிலிருந்த பத்துக் கோல் பகிர்வுத் தோட்டத்தின் பரப்பும் துல்லியமாக இதுவே. 1922ஆம் ஆண்டின் பிரித்தானியப் பகிர்வுத் தோட்டச் சட்டம் அத்தகைய நிலத்தைப் பயிரிடுபவரும் அவர் குடும்பத்தினரும் உண்பதற்கான காய்கனி விளையும் நிலம் என்றே வரையறுத்தது. அடுத்த ஆண்டே மலாயாச் சட்டத்தில் அதே பரப்பளவு இடம்பெற்றது. இதைத் தற்செயல் எனக் கொள்வதைவிட, தாய்நாட்டு முன்மாதிரியின் பெயர்ப்பு எனக் கருதுவதே பொருந்தும்.

ஆனால் ஒரு வேறுபாடு அடிப்படையானது. இங்கிலாந்தில் நிலத்தை வழங்கியோர் உள்ளாட்சி அமைப்பினர். மலாயாவில் அதை ஒதுக்கியவர் வேலை கொடுத்த முதலாளியே. எனவே வேலை போனால் லயத்து வீட்டோடு பயிர்நிலமும் போயிற்று. மேலும், தனியராக வந்தோர் இவ்விதியின் வரம்புக்கு வெளியே நின்றனர். பெண்கள் எண்ணிக்கை மிகக் குறைந்திருந்த புலம்பெயர் சமூகத்தில் இதன் விளைவு சிறிதன்று.

பயிரா, பசுவா, மரமா?

சட்டம் பரப்பை அளந்தது. அதில் எது விளைய வேண்டும் என்பது நடைமுறையில் நிர்வாகத்தின் விருப்பத்தைச் சார்ந்தது. பயிருக்கும் மேய்ச்சலுக்கும் ஒரே அளவு கூறப்பட்டதால், மாடு வைத்திருந்தவரின் தேவையும் கீரை, கத்தரி, மிளகாய் போட்டவரின் தேவையும் ஒரே நிலத்தின்மீது மோதின. பால் விற்றுக் கிடைக்கும் பணம் கூலிக்கு வெளியே ஒரு குடும்பத்துக்கு இருந்த அரிய வருவாய். நிர்வாகத்துக்கோ அம்மாடு இளங்கன்றுகளுக்கும் நிலப்போர்வைப் பயிர்களுக்கும் ஊறு விளைவிப்பது.

மரப்பயிர் இன்னும் கூர்மையான சிக்கலை எழுப்பியது. கீரை சில வாரங்களில் முடிந்துவிடும். தென்னையோ பால்மரமோ பயன்தர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேலாகும். அதை நடுபவர் அத்தனை ஆண்டுகள் அந்நிலத்தில் இருப்பேன் என்று உரிமை கோருகிறார். ஆகவே குறுகிய காலப் பயிருக்கு மட்டும் இடம் தருவது, நிலைத்த குடியுரிமைக்கு இடம் தராமையும் ஆகும். 1934ஆம் ஆண்டின் பன்னாட்டு ரப்பர் ஒழுங்குமுறை உடன்படிக்கை புதிய ரப்பர் நடவைக் கட்டுப்படுத்தியபோது இவ்வேலி மேலும் இறுகியது.

இக்கட்டுப்பாடு தமிழருக்கு மட்டும் உரியதன்று. 1917ஆம் ஆண்டின் நெல்நிலச் சட்டம் மலாய் உழவர் தம் நெல்வயலில் வேறு பயிர் இடுவதைத் தடுத்தது. ரப்பர் பயிரிடலாகாது என்ற நிபந்தனையுடன் நிலவுரிமை வழங்கும் வழக்கமும் இருந்தது. பெருந்தோட்டத்துக்கு ரப்பர், மலாய் உழவருக்கு நெல், தமிழ்த் தொழிலாளருக்குக் காய்கறி எனக் குடியேற்ற அரசு இனத்துக்கு ஒரு பயிரை வகுத்த போக்கு இதனால் புலனாகிறது.

நெருக்கடிக் காலங்கள்

உலகப் பொருளாதார மந்தத்தின்போது, 1920களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசாக இருந்த கூலி பெரிதும் வெட்டப்பட்டது. 1930–33 காலத்தில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் தாயகம் திரும்பினர். எஞ்சியோருக்குச் சிறுநிலம் உணவுக்கு உதவியது. அதே வேளையில், குறைந்த கூலியில் தொழிலாளரைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கவும் அது பயன்பட்டது. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் வேலைநிறுத்தத்தில், துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்குமாறு கோரப்பட்டது. துரையின் அதிகாரம் வேலைநேரத்துக்கு அப்பாலும் நீண்டது என்பதற்கு இக்கோரிக்கை சான்று. லயத்தடி நிலமும் அவ்வதிகார எல்லைக்குள் அடங்கியதே.

சப்பானியர் ஆட்சியில் (1942–45) ரப்பர் சந்தை முடங்கியது. அரிசி கிடைக்காத நிலையில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் உயிர்காக்கும் பயிர்களாயின. முன்னர் தடுக்கப்பட்டது இப்போது கட்டாயமாயிற்று. தெரிவு மட்டும் தொழிலாளர் கைக்கு வரவில்லை. 1948இல் தொடங்கிய நெருக்கடி நிலையில் தோட்ட மக்கள் முள்வேலிக்குள் திரட்டப்பட்டனர். கிளர்ச்சியாளருக்கு உணவு செல்லாமல் தடுக்கும் கொள்கையின் கீழ், வேலிக்கு வெளியே விளையும் கிழங்கும் ஐயத்துக்குரிய பொருளாயிற்று.

முடிவுரை

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தலைமுறைகளாகப் பண்படுத்திய சிறுநிலத்தின்மீது தொழிலாளருக்கு உரிமைச்சான்று எதுவும் இல்லை. வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதற்கு இத்துண்டாடலே உடனடிக் காரணம். பங்கு சேர்த்துத் தோட்டத்தையே விலைக்கு வாங்கும் அம்முயற்சியைக் கூலிக்காரர் உடைமையாளராக முயன்ற நிகழ்வாகக் காண்பது வழக்கம். 6.25 சென்ட் நிலத்தின் வரலாற்றோடு சேர்த்து நோக்கினால், நட்ட மரத்தின் பயனை நட்டவரே துய்க்க வேண்டும் என்ற நெடுங்காலக் கோரிக்கையின் தொடர்ச்சியாகவும் அதைக் கொள்ளலாம். நிலம் எவ்வளவு வழங்கப்பட்டது என்பதோடு, அதில் எத்தனை ஆண்டு வாழும் பயிரை இட அனுமதிக்கப்பட்டது என்பதையும் கணக்கில் கொண்டால்தான் தோட்டத் தமிழரின் நில வரலாறு முழுமை பெறும்.