துணிப் பொம்மையில் தொடங்கிய பாடம்

இன்று மருத்துவ மாணவர்கள் பிறந்த குழந்தையைப் பேணும் முறையைக் கணினித் திரையிலும் பழகுகிறார்கள். திரையில் ஒரு குழந்தை மூச்சுவிடாமல் கிடக்கும். மாணவர் ஒவ்வொரு படியையும் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும்: துடைப்பது, தூண்டிவிடுவது, முகமூடி வைத்துக் காற்றுச் செலுத்துவது. அதற்கேற்ப இதயத்துடிப்பு ஏறும், அல்லது இறங்கும். மூச்சு வராத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்றுச் செலுத்தத் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி.

இது புதுமைதான். ஆனால் வேர் பழையது. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் மதாம் து கூத்ரே என்ற மருத்துவச்சி. நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி தருமாறு 1759-இல் பதினைந்தாம் லூயி மன்னர் அவருக்கு ஆணை வழங்கினார். அவரும் ஊர் ஊராகப் போய்க் கற்பித்தார். அப்பெண்களில் பலருக்கு எழுத்து தெரியாது. புத்தகம் மட்டும் போதாது. ஆகவே துணியும் தோலும் கொண்டு தாயின் இடுப்பு உருவத்தையும், தொப்புள்கொடியோடு குழந்தைப் பொம்மையையும் செய்தார். அதற்கு 'மஷின்' என்று பெயர். அப்படி ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

அதற்கு முன்னெல்லாம் கற்பவரின் முதல் பிழையை உயிருள்ள தாயும் சேயும் அல்லவா தாங்கினார்கள்? அதைப் பொம்மை ஏற்றுக்கொண்டது. இப்போது திரையும் ஏற்கிறது. ஆனால் முகமூடியைச் சின்ன முகத்தில் காற்றுக் கசியாமல் பொருத்தும் பக்குவம் கைக்குத்தான் வர வேண்டும். அதனால் பயிற்சிக்கூடங்களில் பொம்மைக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.