எழுந்தால் வலிக்கும் தலை: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

நோய்க்கு இடப்படும் பெயர், அதன் காரணம் பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கருத்தைத் தாங்கி நிற்கிறது. கருத்து மாறிய பின்னும் பெயர் மாறாதிருப்பதுண்டு. எழுந்தால் வலித்துப் படுத்தால் தணியும் தலைவலி இதற்குத் தக்க சான்று.

1891இல் ஹைன்ரிக் குவின்கே கீழ்முதுகில் ஊசி செலுத்தி மூளைத் தண்டுவடத் திரவத்தை எடுக்கும் முறையை விவரித்தார். 1898 ஆகஸ்டில் ஜெர்மனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகுஸ்ட் பீர் அவ்வழியே கொக்கெய்ன் செலுத்தி உடலின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்தார். பின்னர் தம் உடலிலேயே அதைச் சோதிக்க முயன்றபோது, ஊசியும் மருந்துக்குழலும் பொருந்தாமல் திரவம் மிகுதியாக வெளியேறியது. அதன்பின் ஒன்பது நாள் எழுந்தால் தலைபாரமும் தலைச்சுற்றலும் அவரை வாட்டின, படுத்தால் நீங்கின. திரவ இழப்பே காரணம் என அவர் கருதினார்.

ஊசி படாதவர்க்கும் இவ்வலி வருவதை 1938இல் கியோர்க் ஷால்டென்பிராண்ட் விவரித்தார். திரவம் போதிய அளவு சுரக்காததே காரணம் எனக் கருதி, அப்பொருள்படவே பெயரிட்டார். அடுத்து வழங்கிய ‘குறை அழுத்தம்’ என்னும் பெயர் அழுத்த அளவையே நோயின் அடையாளமாக்கியது. பெரும்பாலும் காரணம் தண்டுவட உறையில் ஏற்படும் கசிவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நோயாளிகள் பலரிடம் அழுத்தம் இயல்பாகவே இருப்பதும் தெரிந்தது. ஆகவே, குறைவது அழுத்தமன்று, திரவத்தின் கொள்ளளவே என்று 1999இல் பஹ்ராம் மொக்ரி வாதிட்டார். 2014இல் திரவம் நேரே சிரைக்குள் வடியும் வழியும் விவரிக்கப்பட்டது. பெயர்கள் மாறின, படுத்தால் தணிகிறது என்னும் நோயாளியின் சொல் மட்டும் மாறவில்லை.

அச்சொல்லின் பொருள் எளிது. வளர்ந்தவர் உடலில் இத்திரவம் சுமார் 150 மில்லி லிட்டர் உண்டு. ஏறத்தாழ 1,400 கிராம் மூளை அதில் மிதப்பதால் 50 கிராம் அளவே கனக்கிறது. திரவம் குறைந்தால் நிற்கும்போது மூளை கீழிறங்குகிறது. அதன் உறைகள் இழுபடுகின்றன. ஆறாம் மூளை நரம்பு பாதிக்கப்பட்டால் பார்வை இரட்டிக்கும். மூளையை ஒட்டிய சிறு சிரைகள் கிழிந்தால் உறைக்கடியில் இரத்தம் தேங்கும்.

மருந்தும் உடலுக்குள்ளேயே கிடைத்தது. 1960இல் ஜேம்ஸ் கோர்ம்லி நோயாளியின் இரத்தத்தில் 2 அல்லது 3 மில்லி லிட்டரை எடுத்து, ஊசி துளைத்த உறையின் வெளிப்புறத்தே செலுத்தினார். 1970இல் டிஜியோவன்னியும் டன்பாரும் அதை 10 மில்லி லிட்டராக்கினர். ‘இரத்த ஒட்டு’ எனப்படும் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது.

இவ்வரலாறு அந்தமான் நிக்கோபார் தீவுகளில் தனிப் பொருள் பெறுகிறது. காம்ப்பெல் பேயிலிருந்து, முன்பு போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரம் 500 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து சென்னை சுமார் 1,360 கிலோமீட்டர். முதுகில் மயக்க ஊசி போட்டு மகப்பேற்று அறுவை செய்துகொண்ட பெண் தலைவலி என்றால், படக்கருவி வேண்டாத ஒரு கேள்வியை எத்தீவிலும் கேட்கலாம்: படுத்தால் குறைகிறதா? அடுத்த கேள்வி அதனினும் முக்கியமானது: முன்பு படுத்தால் குறைந்த வலி இப்போது படுத்தாலும் குறையவில்லையா? அம்மாற்றம் இரத்தத் தேக்கத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும். அதனை உரிய நேரத்தில் கேட்டறிந்தால்தான், கப்பலோ ஹெலிகாப்டரோ காலத்தே ஏற்பாடாகும்.