தொழிற்சாலைக் காப்பகமும் மழலைப் பேச்சும் - ஒரு சின்ன வரலாறு

பி.காம். படிக்கிறவர்களுக்குத் தொழிற்சட்டம் என்று ஒரு தாள் உண்டு. அதில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் வரும். பிரிவு 48 என்றால் குழந்தைகள் காப்பகம், அதாவது க்ரீச். ஐந்து மதிப்பெண் கேள்வி. மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கிறவர்களுக்கு, கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் அம்மாக்கள் தினமும் கண்ணில் படுவார்கள். அவர்களுடைய கைக்குழந்தை பகல் முழுக்க யார் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும்? இந்தக் கேள்வியோடு அந்தப் பிரிவைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

சட்டம் கேட்டது இவ்வளவுதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தனி அறை. வெளிச்சம், காற்று, சுத்தம். குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற ஒரு பெண். துணி அலச வசதி, பால் அல்லது சிற்றுண்டி, தாய் வந்து பாலூட்ட இடைவேளை. முதலில் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் காப்பகம் என்றிருந்தது, 1976 திருத்தத்தில் 30 ஆனது. குழந்தையோடு பேசுவது, கொஞ்சுவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. குழந்தை உயிர் பிழைத்தாலே போதும் என்றிருந்த காலம் அது.

ஆனால் பாலும் சுத்தமும் மட்டும் போதாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் 1945-இல் இரண்டு இடங்களை ஒப்பிட்டு எழுதினார். ஒன்று, சிறையில் இருந்த தாய்மார்கள் தாங்களே குழந்தையைப் பார்த்துக்கொண்ட இடம். இன்னொன்று ஓர் அநாதை விடுதி. விடுதி படு சுத்தம், சாப்பாட்டுக்கும் குறையில்லை. ஆனால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைக்கு ஒரு நர்ஸ். தூக்கிவைத்துப் பேச ஆளில்லை. அங்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரண்டு வருடத்துக்குள் இறந்துபோயின. பிழைத்தவற்றிலும் பல பேசவில்லை, நடக்கவில்லை. சிறைக் குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன!

இன்னும் கிட்டத்தில், நம்ம அடையாறிலேயே, மரியா மாண்டிசோரி இருந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் 1939-இல் மகன் மரியோவோடு சென்னைக்கு வந்தவர். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆகிவிட்டார்கள். மகனைப் பிடித்து முகாமில் அடைத்தார்கள், அம்மாவுக்குச் சபை வளாகம்தான் எல்லை. அந்த ஆகஸ்டில் அவருடைய 70-வது பிறந்தநாளுக்கு மகனை விடுவித்தது அரசு. பிறகு 1942 முதல் 1944 வரை கொடைக்கானல். சில மாதங்களுக்கு என்று வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்திவைத்தது, அதனால் சின்னஞ்சிறு குழந்தைகளை நிதானமாகக் கவனிக்க அவருக்கு வாய்ப்பு கிடைத்தது. அகமதாபாத்தில் அவர் ஆற்றிய உரைகள் 'தி அப்சார்பென்ட் மைண்ட்' என்ற புத்தகமாக 1949-இல் அடையாறில்தான் அச்சானது. குழந்தை மொழியை யாரும் சொல்லிக்கொடுத்துக் கற்பதில்லை, சுற்றி இருப்பவர்களிடமிருந்து தானே உறிஞ்சிக்கொள்கிறது, வாய் திறப்பதற்கு வெகு முன்பே இது தொடங்கிவிடுகிறது என்பது அதன் சாரம்.

சட்டம் 1948, புத்தகம் 1949. இரண்டும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

நம் பாட்டிமார்களுக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியது இல்லை. தால் என்றால் நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்பார்கள். இரண்டு மூன்று மாதக் குழந்தை 'ங்கா' என்கிறது. 'என்னடா செல்லம், பசிக்குதா?' என்று நாம் பதில் சொன்னால் அது மறுபடி 'ங்கா' என்கிறது. ஒருவர் பேசி மற்றவர் கேட்கும் முறை அங்கேதான் பழகுகிறது. தினமும் அதே முகம், அதே குரல் என்றால் பயமும் தெளிகிறது. ஆயா அடிக்கடி மாறினால் இது நடக்காது. ஒருவர் கையில் நிறையக் குழந்தைகள் இருந்தாலும் நடக்காது.

அரசுத் திட்டங்களும் உடம்பைத்தான் முதலில் பார்த்தன. 1975-இல் ஐ.சி.டி.எஸ். அங்கன்வாடிகள் வந்தன. 1980-இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு. அருமையான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் எடைக்குத் தராசு இருந்தது, பேச்சுக்கு இல்லை. அளக்க முடியாதது கணக்கில் ஏறாது, கணக்கில் ஏறாததற்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள் என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பிறந்தது முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளோடு பேசி விளையாடுவதற்கென்றே மத்திய அரசு 'நவசேதனா' என்ற வழிகாட்டியை வெளியிட்டது 2024-இல்தான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னொரு சிக்கல். செங்கல் சூளைகளில் ஒடிசாக் குடும்பங்கள், ஆந்திர எல்லையில் வீட்டுக்குள் தெலுங்கு. ஒடியா கேட்டு வளரும் குழந்தையிடம் காப்பகத்தில் தமிழ் மட்டும் பேசினால் முதலில் மிரளும். அதற்காக அம்மாவை ஒடியா பேசாதே என்று சொல்லவேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்பதால் குழந்தை குழம்பிப்போகாது. ஆயா நாலு ஒடியா வார்த்தை கற்றுக்கொண்டால் போதும், ஆரம்பத்துக்கு.

சட்டமும் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017 மகப்பேறு சலுகைத் திருத்தம், ஆண் பெண் சேர்த்து 50 ஊழியர் இருந்தாலே காப்பகம், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கும் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் 50 என்பதுதான் கணக்கு. அதற்குக் கீழே ஆள் வைத்திருக்கும் சின்னப் பட்டறைகளை இது தொடாது.

2018-இல் வந்த காப்பக வழிகாட்டு நெறிகள் மூன்று வயதுக்கு உட்பட்ட 10 குழந்தைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவர், கூட ஒரு உதவியாளர் என்கின்றன. நம் குழந்தைகள் சாயங்காலம் அம்மாவிடம் போய்விடுகின்றன, அதனால் இதையும் ஸ்பிட்ஸ் பார்த்த விடுதியையும் ஒன்றென்று சொல்லமுடியாது. ஆனாலும் அங்கே எட்டுக்கு ஒருவர். இங்கே அந்த உதவியாளர் ஒரு நாள் லீவு போட்டால் பத்துக்கு ஒருவர்.