தவறிய பக்குவங்களும் ரப்பரின் வரலாறும்

பக்குவம் என்பது அடுக்களையில் வழங்கும் சொல். மாவு புளித்த அளவையும் பாகு முற்றிய பதத்தையும் அறிந்தவரைப் பக்குவம் அறிந்தவர் என்கிறோம். எவருக்கும் முதல் நாளிலேயே அது கைவந்ததில்லை. பொங்காத மாவும் கருகிய பாகும் கற்பித்த பிறகே கைவருகிறது. இவ்வுண்மை தொழில் வரலாற்றுக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மலாக்காத் தமிழர் பல தலைமுறையாக உழைத்த பால்மரத் தொழிலே தக்க சான்றாகும்.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். 1830-களில் ரப்பர்ப் பொருள்கள் அங்குப் பெரிதும் விரும்பப்பட்டன. ஆயின் அவை குளிரில் விறைத்தன. கோடையில் உருகி நாறின. இக்குறையை நீக்க முற்பட்டவர் சார்லஸ் குட்யியர். கடனுக்காகச் சிறைப்பட்டிருந்த காலத்திலேயே அவர் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. அவர் மனைவியின் மாவுருட்டும் கட்டையே அவருக்குக் கருவி. ரப்பரோடு மக்னீசியாவைச் சேர்த்துப் பிசைந்தார். வெயிற்காலம் வந்ததும் அது இளகிற்று. சுண்ணாம்பு நீரில் வேகவைத்தார்; ஒட்டும் தன்மை நீங்கியது, ஆனால் புளிப்பு நீர் ஒரு துளி பட்டதும் மீண்டும் ஒட்டியது. நைட்ரிக் அமிலத்தில் நனைத்தார். மேற்பரப்பு மட்டுமே பதமாயிற்று. அரசாங்கத்துக்காக அவர் செய்த அஞ்சற் பைகள் வெப்பத்தில் இளகிக் கெட்டன.

ஆனால் ஒவ்வொரு தோல்வியும் ஒரு செய்தி கூறிற்று. மேற்புறம் பதமாவது போதாது, உள்ளும் பதமாக வேண்டும் என்பதே அஞ்சற் பைகள் உணர்த்திய பாடம். பின்னர் நதானியல் ஹேவார்டு என்பாரிடமிருந்து கந்தகச் சேர்க்கையை அறிந்தார். 1839-ஆம் ஆண்டில், கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டொன்று சூடான அடுப்பில் பட்டது. உருக வேண்டிய பொருள் உருகாமல் தோல்போல் கருகிற்று. பிறர் அதனைக் கெட்டதென்று எறிந்திருப்பர். கருகுமுன் சூட்டை நிறுத்தினால் வேண்டிய பதம் கிட்டும் என்று அவர் கண்டார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று உறுதி செய்ய மேலும் சில ஆண்டுகள் சென்றன. அமெரிக்க உரிமம் 1844-இல் கிடைத்தது. இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் 1843-இலேயே முந்திக்கொண்டார். குட்யியர் 1860-இல் பெருங்கடனோடு இறந்தார். தம் கண்டுபிடிப்பை வெறும் தற்செயல் என்று கூறுவதை அவர் ஒப்பவில்லை. அது முறையே, அதற்கு முன் கெட்ட கலவைகளை அறியாத ஒருவருக்கு அக்கருகிய துண்டு ஒன்றும் கூறியிராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் அங்குத் தாவரத் தோட்டத் தலைவராக வந்த ரிட்லி, பால் எடுக்கும் முறையை ஆராய்ந்தார். அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தை வெட்டிப் பால் எடுத்தனர். வெட்டு மரத்தின் உட்பகுதிவரை இறங்கியதால் புண் ஆறாமல் முண்டுகள் தோன்றின. பின்னர் அவ்விடத்தில் வெட்ட இயலவில்லை. ரிட்லி மரத்தைக் கொத்தாமல், பட்டையை மட்டும் மெல்லச் சீவினார். முன்வெட்டின் ஓரத்திலேயே மீண்டும் சீவும்போது முன்னினும் மிகுதியாகப் பால் வரக் கண்டார். பட்டையும் மீண்டும் வளர்ந்தது.

ஆயினும் தோட்டக்காரர் அவர் சொல்லைக் கேட்கவில்லை. காப்பி இலாபம் தந்த காலம் அது. அவரைப் பித்தர் என்றும் எள்ளினர். முதலில் செவிசாய்த்தவர்களுள் ஒருவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான். மரவள்ளி பயிரிட்டு வந்த அவர், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வாணிக ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். பின்னர் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் அமைத்தார். காப்பி விலை வீழ்ந்ததும் பூச்சி தாக்கியதும் ஏனையோரையும் ரப்பர்ப் பக்கம் திருப்பின. ஒரு பயிரின் தோல்வி மற்றொரு பயிரின் தொடக்கமாயிற்று.

மூன்றாவது பக்குவம் பால் கொட்டகையில் நிகழ்ந்தது. விடியுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போதே நிரைக்குச் சென்று சீவினர். மங்கிலிருந்து திரட்டிய பாலை வடிகட்டி, நீர் சேர்த்து, பார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைத்தனர். அமிலம் குறைந்தால் உறையத் தாமதம். மிகுந்தால் கட்டி கடினமாகி உருளையில் எளிதில் மசியாது. பால் முன்னதாகப் புளித்தாலும், புகைக்கூடத்தில் தொடக்கத்திலேயே சூடு மிகுந்தாலும் தகட்டில் குமிழிகள் தோன்றும். முற்றும் உலராவிடில் பூசணம் பூக்கும். தகட்டை ஒளிக்கெதிரே பிடித்துப் பார்த்தே தரம் பிரித்தனர். ஆதலின் அக்கெட்ட தகடு வெறும் நட்டம் அன்று. முந்திய நாள் எங்கே பிழைத்தோம் என்று காட்டும் ஏடுமாகும்.

1925-இல் கோலாலம்பூரில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1965-இல் சோதனைக்கூட அளவுகளால் தரம் குறிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. கண்ணும் கையும் அறிந்தவை பின்னர் எண்களாயின.

குட்யியரின் தோல்விகள் நூலேறின. ரிட்லியின் சோதனைகளும் பதிவாயின. ஆனால் பாலின் மணத்தாலும் தகட்டின் நிறத்தாலும் பிழையை அறிந்த தமிழ்த் தொழிலாளரின் அறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை. பத்து பெரண்டாமில் இன்று விமான நிலையமும் தொழிற்சாலைகளும் இருக்கின்றன. பால்மரங்களின் இடத்தில் வீடுகள் எழுகின்றன. மங்கு, நிரை, ஒட்டுப்பால் என்னும் சொற்களை அறியாத பிள்ளைகள் வளர்ந்து வருகின்றனர்.

தமிழாசிரியர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மாணவரைத் தம் பாட்டன் பாட்டிமாரிடம் அனுப்புக. எத்தனை மரம் சீவினீர் என்று மட்டும் கேளாமல், எந்நாளில் பால் கெட்டது, ஏன் கெட்டது, மறுநாள் என்ன மாற்றினீர் என்று கேட்டு எழுதி வரச் செய்க. வெற்றியை விலைப்பட்டியலே கூறிவிடும். அறிவு எவ்வாறு பிறந்தது என்பதைத் தவறிய பக்குவங்களே கூறும். அவற்றை நினைவில் வைத்திருப்போர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.